திங்கட்கிழமையின் மூச்சு: பஞ்சு, ஊமத்தை, நெபுலைசர்

1

கோவையிலிருந்து திருப்பூர், அவிநாசி, பல்லடம், உடுமலை என்று விரியும் இந்தப் பஞ்சு நிலத்தில் இரண்டு வகைத் திவலைகள் உண்டு. ஒன்று நூலுக்கு. ஸ்பின்னிங் மில்லுக்குள் காற்று உலர்ந்துபோனால் இழை அறும். இழை அறுந்தால் உற்பத்தி அறும். எனவே தண்ணீரைப் பொடித்திவலையாக்கிக் காற்றோடு கலந்து ஹாலுக்குள் அனுப்ப 'ஹியூமிடிபிகேஷன் பிளாண்ட்' என்று தனியாக ஓர் ஏற்பாடு. மற்றொன்று ஆளுக்கு. மூச்சுக்குழல் சுருங்கி, நெஞ்சுக்குள் விசில் சத்தத்தோடு வருகிற தொழிலாளியின் மூக்கையும் வாயையும் மூடி ஒரு பிளாஸ்டிக் மாஸ்க். பக்கத்தில் கடகடவென்று ஓடும் சின்ன கம்ப்ரசர். மருந்து நீர் புகைபோலக் கிளம்பி உள்ளே போகிறது. பத்து நிமிடம். 'நெபுலைசர் வெச்சாங்க, இப்பப் பரவால்லீங்க' என்று எழுந்து போகிறார்.

இந்த இரண்டு திவலைகளையும் ஒரே வரலாற்றின் இரு முனைகளாக வாசிக்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெபுலைசர் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மூச்சு முட்டி வருகிறவருக்கு முதலில் மூச்சு வரவேண்டும்; கோட்பாடெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத் திவலை ஒரு நிவாரணத்தைத் தரும்போதே வேறு எதையோ அழித்தும் விடுகிறது. அழிபடுவது நோயின் பெயர். பெயர் போனால் நோய்க்குக் காரணமான இடமும் போய்விடும்.

2

நூலுக்கான திவலையிலிருந்து தொடங்கலாம். லங்காஷயரின் நெசவுக்கூடங்களில் இழை அறாமல் இருக்க நீராவியை உள்ளே செலுத்துவது 19ஆம் நூற்றாண்டில் பரவலான வழக்கம். அந்த ஈர வெக்கையில் நின்று வேலை செய்தவர்களின் எதிர்ப்பும் சேர்ந்துதான் 1889இல் பருத்தித்துணி ஆலைகள் சட்டம் வந்தது. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்பதற்கு வரம்பு விதித்தது. அதற்கு ஓராண்டு முன்பு, 1888இல், கோயம்புத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸின் நூற்பாலை எழுந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் மில்கள் பெருகின. லங்காஷயரின் எந்திரங்களோடு அதன் ஈரமும் வந்து சேர்ந்தது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 14ஆம் பிரிவு தூசியைப் பற்றியது. 15ஆம் பிரிவு செயற்கை ஈரப்பதம் பற்றியது. ஈரத்துக்கு எடுக்கும் தண்ணீர் குடிநீர் மூலத்திலிருந்து வரவேண்டும், அல்லது சுத்திகரிக்கப்பட வேண்டும் என்கிறது சட்டம். நல்ல விதி. ஆனால் இந்த இரண்டு பிரிவுகளும் நடைமுறையில் என்ன ஆயின? மில்லின் ஒவ்வொரு டிபார்ட்மெண்டிலும் ஈரத்தை அளக்கும் கருவி சுவரில் தொங்கும். ஷிப்டுக்கு ஷிப்ட் அதன் அளவைக் குறிப்பார்கள். ஏனென்றால் அது நூலின் உடல்நலம். அதே ஹாலில் நிற்கும் ஆளின் மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டர் எந்தச் சுவரிலும் தொங்குவதில்லை. நூலின் உடல் அளக்கப்படும் உடல். தொழிலாளியின் உடல் வருகைப் பதிவேட்டில் மட்டும் குறிக்கப்படும் உடல். எது கண்காணிக்கப்படுகிறது என்பதைப் போலவே எது கண்காணிக்கப்படாமல் விடப்படுகிறது என்பதும் அதிகாரத்தின் வேலைதான்.

3

இனி நோய். பஞ்சுத் தூசியால் வரும் மூச்சிறுக்கத்துக்கு மருத்துவத்தில் பிஸினோசிஸ் என்று பெயர். பெயருக்கு முந்தையது நோய். தொழிலாளர் நோய்கள் பற்றி 1700இல் நூல் வெளியிட்ட இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாஸினி, சணலும் ஆளிநாரும் சிக்கெடுப்பவர்களின் விடாத இருமலை எழுதியிருக்கிறார். மருத்துவர் நோயாளியிடம் கேட்க வேண்டியவை என்று ஹிப்போகிரட்டிஸ் காலம் தொட்டு வந்த கேள்விகளோடு ரமாஸினி இன்னொன்றைச் சேர்த்தார்: நீ என்ன தொழில் செய்கிறாய்?

1831இல் மான்செஸ்டரில் ஜேம்ஸ் கே நூற்பாளர்களின் நெஞ்சு நோயை விவரித்தார். 1845இல் எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய தம் நூலில் பஞ்சு சிக்கெடுக்கும் அறைகளின் தூசியையும் அது நெஞ்சுக்குச் செய்வதையும் குறித்தார். 1877இல் பிரெஞ்சு சுகாதார அறிஞர் அத்ரியான் புரூஸ்த் மெல்லிய நார்த்துணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'பிஸினோசிஸ்' என்ற பெயரை உருவாக்கினார். இவருடைய மகன்தான் நாவலாசிரியர் மார்செல் புரூஸ்த். ஒன்பது வயதில் தொடங்கிய ஆஸ்துமாவோடு வாழ்ந்தவர். அப்பா பஞ்சாலைத் தொழிலாளியின் மூச்சுக்குப் பெயர் வைத்தார். மகனின் மூச்சு இலக்கிய வரலாற்றில் இடம் பிடித்தது. பெயர் வைக்கப்பட்டவர்களின் மூச்சு எங்கும் எழுதப்படவில்லை.

1950களில் பிரிட்டனில் ரிச்சர்ட் ஷில்லிங் இந்த நோயைப் படிநிலைப்படுத்தினார். இங்கேதான் நம் அக்கறைக்குரிய விஷயம் வருகிறது. அவருடைய படிநிலை எக்ஸ்ரேயால் ஆனதன்று, கிழமையால் ஆனது. வாரத்தின் முதல் வேலைநாளில் எப்போதாவது நெஞ்சு இறுகினால் அரைப்படி. ஒவ்வொரு முதல் நாளும் இறுகினால் ஒன்று. முதல் நாளோடு மற்ற நாள்களுக்கும் பரவினால் இரண்டு. மூச்சு நிரந்தரமாகக் குறைந்துபோனால் மூன்று. ஒரு நாள் தூசியிலிருந்து விலகியிருந்த மூச்சுக்குழல், மறுபடி தூசிக்குள் நுழையும்போதுதான் அதிகமாகச் சுருங்குகிறது. வாரம் போகப் போக மரத்துப்போகிறது. பஞ்சோடு வரும் இலைச் சருகு, பூவடிச் செதில் ஆகியவற்றில் வாழும் நுண்ணுயிர்களின் நச்சு இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. அதனால்தான் பேல் உடைக்கும் ப்ளோரூமும் கார்டிங்கும் மில்லின் மிக மோசமான இடங்கள்.

ஆரம்பக் கட்டத்தில் இந்த நோயை எக்ஸ்ரே காட்டாது. வியாழக்கிழமை ஸ்டெதஸ்கோப் வைத்தால் ஒன்றும் கேட்காமலும் போகலாம். நோய்க்கு இருக்கும் முதன்மைச் சாட்சி தொழிலாளியின் வாக்கியம்: 'திங்கக்கெழம உள்ள போனா நெஞ்சப் புடிச்சு இறுக்குதுங்க.' நவீன மருத்துவமனையின் பிறப்பைப் பற்றி எழுதிய ஃபூக்கோ, நோயாளியின் பேச்சை விட உடலுக்குள் தெரியும் சிதைவையே நம்பும் ஒரு பார்வை எழுந்ததைக் காட்டினார். பிஸினோசிஸ் அந்தப் பார்வைக்கு அடங்காத நோய். நோயாளி பேசினால்தான் அது இருக்கிறது. பேச்சை நிறுத்தினால் மருத்துவக் குறிப்பில் அது இல்லை. அந்த வாயின் மேல்தான் நாம் மாஸ்க்கை வைக்கிறோம்.

4

மாஸ்க்குக்குள் போகும் மருந்துக்கும் ஒரு வரலாறு உண்டு, அதன் ஒரு நுனி நம் ஊர் வேலியோரத்தில் இருக்கிறது. இரைப்புக்கு ஊமத்தையைப் புகைப்பது இந்நாட்டில் பழைய வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் ஆஸ்துமாவுக்கு இதைப் பரிந்துரைத்தார். சென்னையில் பணியாற்றிய ஜெனரல் ஜென்ட் 1802இல் இந்த வழக்கத்தைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். 1812வாக்கில் எடின்பரோ மருத்துவ இதழில் அது விவாதப் பொருளாகிவிட்டது. பிறகு நூறாண்டுக்கு மேல் ஊமத்தைச் சிகரெட்டும் ஊமத்தைத் தூளும் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் விற்றன. மார்செல் புரூஸ்தும் இத்தகைய புகைகளை இழுத்தவர்தான். இந்தக் கதையைச் சொல்லும்போது ஆண்டர்சன் பெயர் வருகிறது, ஜென்ட் பெயர் வருகிறது. அவர்களுக்குக் காட்டிக்கொடுத்த நாட்டு மருத்துவன் 'இந்திய வழக்கம்' என்ற இரண்டு சொல்லாகச் சுருங்கிவிடுகிறான்.

ஊமத்தையின் வீரியத்தில் அட்ரோபின் என்ற பொருள் சம்பந்தப்பட்டிருக்கிறது. 1830களில் அது தனியே பிரிக்கப்பட்டது. அதன் வேதி அமைப்பை மாற்றி, மூச்சுக்குழலோடு நின்று மற்ற உறுப்புகளை அதிகம் தொடாதபடி செய்ததுதான் 1970களில் சந்தைக்கு வந்த இப்ரட்ரோபியம். இன்று நம் கிளினிக்குகளில் நெபுலைசருக்குள் உடைத்து ஊற்றும் குப்பியில் சால்பூட்டமாலோடு சேர்ந்திருப்பது பெரும்பாலும் இதுவே. (இதைப் படித்துவிட்டு யாரும் ஊமத்தை இலையைச் சுருட்ட வேண்டாம். அளவு தப்பினால் புத்தி பேதலிக்கும், உயிரும் போகும்.)

இன்னொரு கிளை பாரிஸிலிருந்து வருகிறது. 1858இல் சால்-ஜிரோன் என்ற மருத்துவர் மருந்து நீரைப் பம்பால் அழுத்திப் பொடித்திவலையாக்கும் ஒரு கைக்கருவியைக் காட்டினார். நெபுலைசரின் பாட்டன் என்று அதைச் சொல்லலாம். 1956இல் அமெரிக்காவில் அழுத்தக் குப்பியில் அடைத்த இன்ஹேலர் வந்தது. 1960களின் இறுதியில் பிரிட்டனில் சால்பூட்டமால் வந்தது. நம் ஊரில் வெகுகாலம் டெரிபிலின் ஊசிதான் அரசாண்டது. பிறகே நெபுலைசர் தெருமுனைக் கிளினிக் வரைக்கும் இறங்கியது.

இதன் வேலை எளிது. சுருங்கிய மூச்சுக்குழலின் தசையைச் சால்பூட்டமால் தளர்த்துகிறது. இறுகச் சொல்லும் நரம்புக் கட்டளையை இப்ரட்ரோபியம் தடுக்கிறது. திவலை ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரான் அளவில் இருந்தால்தான் ஆழத்துக்குப் போகும். பெரிதானால் தொண்டையிலேயே படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் பஞ்சுப் பிசிறை மூக்கு பிடித்துக்கொள்ளும். கெடுதல் செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி. தூசி போன வழியிலேயேதான் மருந்தும் போகிறது.

5

திருப்பூருக்கு வருவோம். இங்கே ஒரே நோய் இல்லை, பல மூச்சுகள் இருக்கின்றன. பல்லடம், உடுமலைப் பக்கத்து மில்களின் ப்ளோரூமிலும் கார்டிங்கிலும் நிற்பவரின் மூச்சு ஒன்று. பனியன் கம்பெனியின் கட்டிங் வேஸ்ட்டைக் குடோனில் தரம் பிரிப்பவர், அதைக் கிழித்து மறுபடி பஞ்சாக்கி ஓப்பன் எண்ட் மில்லுக்கு அனுப்பும் இடத்தில் இருப்பவர், இவர்கள் மூச்சு இன்னொன்று. சாயப்பட்டறையில் ரியாக்டிவ் சாயப்பொடியை எடை போடுபவருக்கு வருவது ஒவ்வாமை வழியாக வரும் ஆஸ்துமாவாக இருக்கலாம். சலவைப்பட்டறையில் ப்ளீச்சிங் வாடைக்குள் நிற்பவரின் எரிச்சல் வேறு. நிட்டிங் ஹாலில் மெஷின் மேல் பஞ்சுப் பிசிறு பறப்பதைக் காற்றாடி வைத்து ஊதுகிறார்கள், ஆளின் மேல் ஊதுகிறது.

இத்தனை மூச்சுகளும் கிளினிக் வாசலைத் தாண்டியதும் ஒரே சொல்லாகின்றன: 'வீசிங்'. கொஞ்சம் விரித்தால் 'அலர்ஜி', 'டஸ்ட் ஒத்துக்கல'. இந்தச் சொற்களின் இலக்கணத்தைக் கவனியுங்கள். 'டஸ்ட் ஒத்துக்கல' என்ற வாக்கியத்தில் தூசி இயற்கையானது. ஒத்துக்கொள்ளாத உடல்தான் குற்றவாளி. தூசிக்கு முதலாளி இல்லை, ஷிப்ட் இல்லை, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாத கதை இல்லை. 'உங்க அப்பாவுக்கு இருந்துச்சா?' என்று கேட்கப்படுகிறது, 'எந்த டிபார்ட்மெண்ட்?' என்று கேட்கப்படுவதில்லை. இப்படித்தான் ஒரு தொழிற்சாலையின் நோய் ஒரு குடும்பத்தின் நோயாகக் கட்டமைக்கப்படுகிறது.

சட்டத்தின் பட்டியல்களில் வேறு சொற்கள் இருக்கின்றன. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை பிஸினோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக வைத்தது. நோயாளியைப் பார்க்கும் மருத்துவரே ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்றது 89ஆம் பிரிவு. ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையில் பிஸினோசிஸும் இருந்தது, வேலையிடத்துப் பொருள்களால் வரும் ஆஸ்துமாவும் இருந்தது. இரண்டுமே வேலையில் பட்ட காயத்துக்குச் சமமாக நஷ்டஈட்டுக்கு உரியவை. 2020இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டங்களும் இந்த ஏற்பாட்டைத் தொடர்கின்றன. கோயம்புத்தூரில் ஈ.எஸ்.ஐ. வந்தது 1955 ஜனவரியில். தமிழ்நாட்டிலேயே முதலில் இங்கேதான். ஆக, காகிதத்தில் எழுபது ஆண்டுப் பாதுகாப்பு. ஆனால் 'வீசிங்' என்ற சொல் எந்த அட்டவணையிலும் இல்லை. ஓ.பி. சீட்டில் வீசிங் என்று எழுதப்பட்ட கணத்தில் அந்த ஆள் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறார்.

கிழமையும் களவு போயிருக்கிறது. திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. திங்கட்கிழமை ஆள் வரவில்லையென்றால் கம்பெனியில் சொல்லும் காரணம் ஒன்றுதான்: 'தண்ணி போட்டுட்டுப் படுத்திருப்பான்.' இந்த ஒற்றை விளக்கத்துக்குள் நெஞ்சிறுக்கத்தால் வராதவனும் அடைக்கப்படுகிறான். நோயின் ஒரே அடையாளமான திங்கட்கிழமை, ஒழுக்கக்கேட்டின் அடையாளமாக மாற்றி வாசிக்கப்படுகிறது. மில் விடுதிகளில் தங்கவைக்கப்பட்ட பெண்பிள்ளைகளுக்கு வார லீவு சுழற்சியில் வரும், அவசர ஆர்டர் என்றால் வராமலும் போகும். அவர்களுக்குத் திங்கட்கிழமையே இல்லை. ஞாயிறு இல்லாத இடத்தில் திங்கட்கிழமை நோய் எப்படித் தெரியும்? 'எப்பவும்தான் அடைக்குதுங்க்கா' என்று ஒரு பெண் என்னிடம் சொன்னார். ஷில்லிங்கின் வினாப்பட்டியல் இந்த வாக்கியத்தின் முன் தடுமாறிவிடும். இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். பேச்சால் மட்டுமே நிரூபிக்க முடிகிற நோய், டாக்டரின் பாஷை தெரியாத வாயில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

நேரக்கணக்கையும் பாருங்கள். சால்பூட்டமாலின் பலன் நான்கிலிருந்து ஆறு மணி நேரம். ஷிப்ட் எட்டு மணி நேரம்; சீசனில் ஒன்றரை ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம். மருந்து விட்டுப்போன பிறகும் வேலை பாக்கி இருக்கிறது. பலன் கிடைத்த தெம்பில் அவர் மறுபடி நுழைவது அதே தூசிக்குள். ஆஸ்துமாவுக்கு நிவாரண மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது, அழற்சியைக் குறைக்கும் மருந்தும் சேர வேண்டும் என்று 2019இல் உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டுதலே மாறியது. பஞ்சுத் தூசி நோயிலோ முதல் மருந்து தூசியிலிருந்து விலகல். வருடக்கணக்கில் விலகாமல் இருந்தால் சுருக்கம் நிலைத்துவிடும். அப்போது திவலையும் அதிகம் உதவாது. இந்த இடத்தில் நெபுலைசர் சிகிச்சை என்பதை விட உழைப்பாற்றலைப் பழுதுபார்க்கும் பட்டறை என்பதே பொருந்தும். பட்டறைச் செலவு முதலாளியுடையதன்று, தொழிலாளியின் பாக்கெட்டிலிருந்து.

நொய்யலோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். சாயக்கழிவு ஆற்றில் இறங்கியது; ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது; கீழ்ப்பகுதி விவசாயிகளின் நிலத்தைக் கெடுத்தது. அவர்களுக்கு நிலம் இருந்தது, சங்கம் இருந்தது, கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவு நீர் காம்பவுண்டைத் தாண்டி வந்ததால் பொதுப்பிரச்சினை ஆயிற்று. தூசி காம்பவுண்டுக்குள்ளேயே, ஒவ்வொரு நெஞ்சாகப் பிரித்துத் தேக்கி வைக்கப்படுகிறது. அந்த நெஞ்சுகளுக்கு ஓர் ஆயக்கட்டு இல்லை.

6

ஆயக்கட்டு உருவான இடங்களும் உண்டு. 1969இல் ஓர் அமெரிக்க ஜவுளித் தொழில் பத்திரிகை, பிஸினோசிஸ் என்பது தாழ்ந்த இனத்தாருக்கு வரும் நோய் என்ற தொனியில் தலையங்கம் எழுதியது. 1975இல் கரோலினா மாநிலங்களின் முன்னாள் மில் தொழிலாளர்கள் 'பழுப்பு நுரையீரல் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மூச்சு இரைக்கும் கிழவர்களும் கிழவிகளும் ஊர் ஊராக முகாம் நடத்தி, தங்கள் மூச்சைத் தாங்களே அளக்க வைத்தார்கள். 1978இல் அமெரிக்க அரசு பஞ்சுத் தூசிக்கு வரம்பு விதித்தது: நூற்புப் பிரிவில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 200 மைக்ரோகிராம். முதலாளிகள் செலவுக்கணக்கைக் காட்டி வழக்காடினார்கள். 1981இல் உச்சநீதிமன்றம் தொழிலாளர் பக்கம் நின்றது. உடல்நலத்தை லாப நட்டத் தராசில் வைக்க வேண்டியதில்லை என்று தீர்த்தது.

பிரிட்டனில் நஷ்டஈடு 1940களின் தொடக்கத்திலேயே வந்தது. முதலில் ஆண்களுக்கு மட்டும், இருபது வருடம் தூசியில் நின்றவர்களுக்கு மட்டும். இந்தியாவிலும் முயற்சி இல்லாமலில்லை. பம்பாயின் ஒரு மில் தொழிலாளர்களிடையே பிஸினோசிஸ் இருப்பதை முரளிதர் முதலான மருத்துவர்கள் ஆராய்ந்து 1995இல் வெளியிட்டார்கள். அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. கேட்க ஆள் வேண்டும், அளக்க ஸ்பைரோமீட்டர் வேண்டும், கேட்டதை நம்ப வேண்டும்.

திருப்பூரில் இதை நாளையே தொடங்கலாம். பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு கருவி ஒரு செல்போனை விட மிகவும் மலிவு. வேலைக்கு நுழையும் முன் ஒரு முறை, வெளியே வரும்போது ஒரு முறை, லீவு நாளிலும் இரு முறை ஊதி ஒரு நோட்டில் எழுதி வந்தால் சில வாரங்களில் கிழமையின் உருவம் தெரிந்துவிடும். சங்க அலுவலகத்தில் அந்த நோட்டுகள் சேர்ந்தால், ஒவ்வொரு நெஞ்சாகப் பிரிந்து கிடந்தது ஒரு டிபார்ட்மெண்டின் வரைபடமாகும். ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் போகும்போது 'வீசிங்குக்கு மருந்து குடுங்க' என்பதோடு, 'நான் கார்டிங்ல நிக்கிறேன், சீட்டுல எழுதுங்க' என்றும் சொல்லலாம். அந்த ஒரு வரி எழுதப்பட்டால் சட்டத்தின் அட்டவணை உயிர்பெறும். வடக்கத்தி ஆட்களுக்கு இந்தக் கேள்விகளை ஒடியாவிலும் இந்தியிலும் அச்சடித்துத் தருவது எழுத்தாளர்களான நமக்கு முடியாத காரியமா?

நெபுலைசர் இருக்கட்டும். அதை வைத்து முடித்து மாஸ்க்கைக் கழற்றியதும், மூச்சு திரும்பிய அந்த ஆளிடம் ரமாஸினியின் கேள்வியைக் கேட்க வேண்டும். பதிலை எழுதிக்கொள்ளவும் வேண்டும்.